பொன்னாடைக்குப் பின்

ஜூலைத் திங்கள் முதல் நாளன்று தமிழகத்துச் சேவைச் சங்கங்களுக்குப் புத்தாண்டு பிறக்கிறது. ரோட்டரி சங்கமாயினும் அரிமா சங்கமாயினும் அவற்றின் ஆண்டுக் கணக்கு அன்றே தொடங்கும். புதிய தலைவரும் செயலரும் பொருளாளரும் பதவியேற்கும் விழாவுக்கு வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் அழைக்கப்படுவார். ஆடி பிறந்துவிட்டால் திருமணங்கள் இரா. மண்டபம் எளிதிற் கிடைக்கும் என்பது இதில் ஒரு வசதி. திருவில்லிபுத்தூரில் மட்டும் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊர் முழுவதும் திரண்டிருக்கும் நாட்களைத் தவிர்த்தே கூட்டம் வைக்க வேண்டும்.

கூட்டத்தின் முறை யாவரும் அறிந்தது. இறைவணக்கம், வரவேற்புரை, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை, முக்கால் மணி நேரச் சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண், விருந்து. மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தியும் ஒரு படமும் வரும். அந்தப் பேச்சு அதன்பின் என்ன ஆயிற்று என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

இக்கேள்வி கான்சாபுரம் போன்ற ஊர்களிலிருந்து பார்க்கும்போதுதான் கூர்மை பெறுகிறது. வத்திராயிருப்பை அடுத்து, மேற்கு மலையின் அடியில் உள்ள ஊர் அது. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானின் பெயரால் அமைந்தது என்பது ஊரார் வழக்கு. இலக்கியக் கூட்டமோ சேவைச் சங்கக் கூட்டமோ கேட்க விரும்புவோர் அங்கிருந்து திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ செல்ல வேண்டும். இரவுப் பேருந்தை எண்ணி நன்றியுரைக்கு முன்பே எழுந்துவிடவும் வேண்டும். நகரத்து மண்டபத்தில் பேசப்பட்ட சொல் அந்தப் பேருந்தில் ஏறி ஊர் வந்து சேர்ந்ததா என்பதே இங்கே ஆராயத் தக்கது.

நூலக மேடைகள்

அயல்நாட்டுச் சங்கங்கள் வரும் முன்பே இப்பகுதியில் பொதுப்பணி அமைப்புகள் இருந்தன. திருவில்லிபுத்தூர்ப் பென்னிங்டன் நூலகம் 1875இல் தோன்றியது. அந்நாளில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராயிருந்த பென்னிங்டன் துரையின் பெயரைத் தாங்கியது. ரோட்டரி இயக்கம் உலகில் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகள் முந்தையது. பொது நூலகங்களுக்கென்று சென்னை மாகாணம் 1948இல் சட்டம் இயற்றியபோது, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது, இந்நூலகத்துக்கு வயது எழுபத்து மூன்று. அரசின் கையை எதிர்பாராமல் ஊர்ப் பெருமக்கள் கூடி நடத்திய நூலகம் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இத்தகைய வாசகசாலைகளின் ஆண்டு விழாக்களே தமிழ்நாட்டில் சிறப்புப் பேச்சாளர் மரபை வளர்த்தன எனலாம். அவற்றுள் கவிஞர்கள் மறக்கலாகாத விழா ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குப் பாரதியார் அழைக்கப்பட்டார். அழைத்தவர் வழக்கறிஞர் தங்கப்பெருமாள் பிள்ளை. பாரதியார் எடுத்துக்கொண்ட பொருள், மனிதனுக்கு மரணமில்லை என்பது. ஆறு வாரங்களில் அவர் மறைந்தார். கருங்கல்பாளையத்துக்கு வந்து கேட்டவர்கள் தம் காதுகளோடு அதைக் கொண்டு சென்றார்கள். அப்பயணத்தைப் பற்றி நாம் இன்று அறிவதெல்லாம் பெரும்பாலும், ஊர் திரும்பியதும் சுதேசமித்திரனில் பாரதியாரே எழுதிய கட்டுரையின் வழியாகத்தான். பேசியவர் எழுத்தாளராக இருந்தமையால் அந்தப் பேச்சின் நினைவு பிழைத்தது. எழுதாத பேச்சாளர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ வாசகசாலைகளில் பேசியவை விழா முடிந்த இரவிலேயே முடிந்துபோயின.

நான்கு நண்பர்களும் ஒரு கழிப்பிடமும்

சிகாகோ நகரில் 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடினார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, மற்றவர் அலுவலகத்தில் மறுமுறை எனச் சுழற்சியாகக் கூடியமையால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. சுழற்சங்கம் என்று தமிழாக்கியவர்கள் பெயரின் வரலாற்றையே மொழிபெயர்த்துவிட்டார்கள். அச்சங்கத்தார் 1907இல் முன்னின்று தொடங்கிய முதற் பொதுப்பணி, நகரின் நடுவே பொதுக் கழிப்பிடம் அமைக்கச் செய்தது. பதவியேற்பு விழாச் சொற்பொழிவுகளில் இச்செய்தி அடிபடுவதே இல்லை. ஆயினும் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் பெண்களைக் கேட்டால், இதைவிடப் பெரிய தொடக்கம் எந்தச் சங்கத்துக்கும் இருந்திருக்க முடியாது என்பார்கள்.

இந்தியாவில் ரோட்டரி கல்கத்தாவில் 1919இல் அமைந்தது. சென்னைக்கு 1929இல் வந்தது. வாரந்தோறும் கூடுவதும், உணவின் போது ஒரு விருந்தினரைப் பேசச் செய்வதும் அதன் முறை. கல்கத்தா ரோட்டரியில் 1925 ஆகஸ்டில் பேசியவர் காந்தியடிகள். எடுத்துக்கொண்ட பொருள் இராட்டை. ஐரோப்பிய வணிகர்கள் மிகுந்திருந்த அவையில், மில் துணியும் கப்பற் சரக்கும் வாழ்வாகக் கொண்டவர்கள் முன்னிலையில், கைந்நூல் நூற்பதன் பொருளாதாரப் பயனையும் ஆன்மிகப் பயனையும் அவர் எடுத்துரைத்தார். சிறப்புப் பேச்சாளர் கேட்போருக்கு இனியதையே பேசவேண்டும் என்ற எழுதாச் சட்டம் அன்று அவருக்குப் பொருந்தவில்லை.

அதே இராட்டைச் செய்தியுடன் அவர் 1927இல் தமிழகம் எங்கும் சுற்றியபோது இராசபாளையத்துக்கும் வந்தார்; 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் மீண்டும் வந்தார். அங்கே சொல் வேறு நிலத்தில் விழுந்தது. பருத்தி விளையும் பூமி. நூலும் தறியும் அறிந்த ஊர். காந்திய வழியில் நின்று, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராகவும் பின்னர் ஒரிசா ஆளுநராகவும் விளங்கிய பூ.ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே ஊருக்கு ஈந்தார். அதுவே காந்தி கலை மன்றம். வீட்டைக் கொடுத்தவரின் பெயரைத் தாங்காமல் வந்து சென்ற விருந்தினரின் பெயரைத் தாங்கும் மன்றம் அது.

வெளியூர்ப் பேச்சாளரைத் தேடி அலைவது நம் சங்கங்களின் பழக்கம். அழைக்கத் தக்க அறிஞர்கள் அதே தெருவில் இருந்ததும் உண்டு. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கி, சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற மு.கு. ஜகந்நாத ராஜா (1933-2008) இராசபாளையத்துக்காரர்.

ஓர் உரையின் விளைவு

ஒரு சிறப்புரை ஒரு சங்கத்தின் போக்கையே மாற்றியதற்குத் தெளிவான சான்று வேண்டுவோர் அரிமா சங்க வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவரின் முயற்சியால் 1917இல் தோன்றிய அச்சங்கம், முதல் சில ஆண்டுகள் பற்பல நற்பணிகளைச் செய்துகொண்டிருந்தது. இதுவே எம் பணி என்று சொல்லத் தக்க ஒன்று அதற்கு வாய்க்கவில்லை. 1925ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ஒகையோ மாநிலத்தில் சீடார் பாயிண்ட் என்ற இடத்தில் கூடிய அதன் பேரவைக்கு ஹெலன் கெல்லர் சிறப்புப் பேச்சாளராக வந்தார். மூன்று நாட்களுக்கு முன்புதான் அவருக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்திருந்தது. குழந்தைப் பருவத்திலேயே கண்ணும் காதும் இழந்தவர். ஆசிரியை ஆன் சல்லிவனின் துணையுடன் மேடையேறினார்.

நீண்ட உரை அன்று அது. வாய்ப்பு என்பது ஒவ்வொரு கதவையும் ஒரே ஒரு முறை தட்டும் என்ற பழங்கதையைக் கூறி, உங்கள் வாய்ப்பு நானே, உங்கள் கதவைத் தட்டுகிறேன் என்ற பொருள்பட அவர் பேசினார். தடுக்கக் கூடிய குருடு உலகில் இல்லாதொழிய உதவுங்கள் என்றார். இருளை எதிர்க்கும் படையில் பார்வையற்றோரின் வீரர்களாகச் சேருங்கள் என்று அழைத்தார். அவையோரின் மனநிறைவுக்காக ஒரு சொல்லும் கூறவில்லை. கேட்டவர் கையில் ஒரு வேலையை வைத்துவிட்டு இறங்கினார். பேரவை அதை ஏற்றது. அன்று தொடங்கிய கண்ணொளிப் பணியே இன்றளவும் அரிமா சங்கத்தின் முகமாக இருக்கிறது. ஐந்தாண்டுகளில், 1930இல், இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரத்து அரிமா ஒருவர், கறுப்புக் கோலுடன் சாலையைக் கடக்க முடியாமல் நின்ற பார்வையற்றவரைக் கண்டு, கோலுக்கு வெள்ளை பூசலாம் என்றெண்ணினார். அவருடைய சங்கம் வெள்ளைக் கோல்களை வழங்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்று அவ்வளவு பெரிய பணியை ஒரு பெண்ணின் வாயினால் கேட்டுப் பெற்றுக்கொண்ட சங்கம், பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 1987இல்தான். ரோட்டரியும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்புரைத்த பின்னரே, 1989இல் தன் விதியை மாற்றியது. பேச அழைப்பது வேறு, உடன் அமரச் செய்வது வேறு என்ற வழக்கம் கடல் கடந்த நாடுகளிலும் இருந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். இலக்கிய அமைப்புகள் தம் உறுப்பினர் பட்டியலை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு ஆறுதல் கொள்வது நல்லது.

ஹெலன் கெல்லர் 1955இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு பம்பாயில் நாட்டின் முதல் லயன்ஸ் சங்கம் அமைந்தது. தமிழ்நாட்டில் அது அரிமா ஆயிற்று. சிங்கத்தைக் குறிக்கும் அப்பழஞ்சொல்லை அகராதியிலிருந்து எடுத்து அங்காடித் தெருப் பெயர்ப்பலகையில் ஏற்றிய பெருமை புலவர்களைக் காட்டிலும் இச்சங்கத்தாருக்கே மிகுதியாக உரியது.

பேருந்துக் கட்டணம்

சீடார் பாயிண்டில் கேட்ட சொல் கரிசல் நாட்டுக்கு வந்து சேர்ந்த வழி மதுரை. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944இல் மருத்துவரானார். உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மகப்பேற்று மருத்துவராக எண்ணியிருந்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணின. அக்கோணல் விரல்களைப் பழக்கிக் கண் மருத்துவம் பயின்று, தம் வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிய 1960களிலேயே ஊர் ஊராகக் கண் முகாம்களை நடத்தியவர் அவர். 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்வையிழப்புத் தடுப்புக்கான நாட்டுத் திட்டத்தை மைய அரசு வகுத்ததும் அதே ஆண்டுதான்.

தென்மாவட்டச் சேவைச் சங்கங்களுக்கு ஏற்ற வேலை இங்கே கிடைத்தது. முகாமுக்கு மருத்துவரும் செவிலியரும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வருவர். இடம், விளம்பரம், தொண்டர், உணவு ஆகியவை உள்ளூர்ப் பொறுப்பாளரைச் சேர்ந்தவை. அப்பொறுப்பை அரிமா, ரோட்டரி சங்கங்களும் மில் நிர்வாகங்களும் கோயில் அறங்காவலர்களும் இளைஞர் மன்றங்களும் ஏற்றன. சுவரொட்டி ஒட்டுவார்கள், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர் ஊராகச் செல்லும். ஞாயிறு காலையில் பள்ளிக்கூடத்து வகுப்பறைகள் மருத்துவமனையாகிவிடும். பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம், மருத்துவர் பார்வை, கண்ணாடி அளவு என ஒவ்வோர் அறையும் ஒரு நிலையம். எழுத்தறியாதவர்களுக்கென்று ஓர் அட்டை உண்டு. மூன்று கால் கொண்ட ஒரே குறி மேலும் கீழும் இடமும் வலமும் திரும்பி நிற்கும். கால்கள் எப்பக்கம் என்று கையால் காட்டினால் போதும். படிக்கத் தெரியாதவரும் படிக்கத் தக்க எழுத்து அது. கவிஞர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டியது.

தொடக்க நாட்களில் அறுவையும் முகாம் நடந்த இடத்திலேயே, பள்ளியிலோ சத்திரத்திலோ நடைபெற்றது. கண்புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டி என்று ஊரார் கேலி செய்யும் தடித்த கண்ணாடியைத் தருவார்கள். கண்ணாடி உடைந்தால் பழைய இருளே. பின்னர் உள்விழி லென்ஸ் வந்தது. வெளிநாட்டு லென்சின் விலை ஏழைக்கு எட்டாமையால், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு லென்ஸ் செய்யப்பட்டது. அறுவைக் கூடத்தின் தூய்மை இன்றியமையாததாகிவிடவே, முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அன்று மாலையே பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

இந்த வரலாற்றில் சங்கத்தார் கற்ற பெரும் பாடம் ஒன்றுண்டு. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும், பார்வை மங்கியோர் பலர் முகாமுக்கு வரவில்லை. வந்து, அறுவை வேண்டுமென்று சொல்லப்பட்டோரிலும் பலர் மதுரைக்குச் செல்லவில்லை. அறியாமை, அச்சம், மூடநம்பிக்கை என்று மேடைகளில் காரணம் கூறப்பட்டது. மருத்துவமனையார் வீடு வீடாகச் சென்று கேட்டறிந்தபோது விடை எளியதாயிருந்தது: பேருந்துக் கட்டணம், அங்கே தங்கும் நாட்களில் உணவுச் செலவு, உடன் வரவேண்டியவரின் கூலி இழப்பு. இலவசம் என்பது அறுவைக்கு மட்டுமே இலவசம். மற்றவற்றுக்கெல்லாம் நோயாளி காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

கான்சாபுரத்தில் வயற்கூலியில் வாழும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இரு கண்ணிலும் புரை. திருவில்லிபுத்தூர் முகாமுக்கு வர மகனோ மருமகளோ ஒரு நாள் வேலையை விட வேண்டும். மதுரைக்குப் போவதென்றால் நாட்கள் கூடும். நடவு நாளென்றால் எவர் விடுவார்? வயதாயிற்று, கண் தெரியாமற் போவது இயல்புதானே என்று வீட்டார் சொல்ல, அவரும் அதையே சொல்லிக்கொள்வார். ஹெலன் கெல்லரின் உரை அமெரிக்காவிலிருந்து மதுரைவரை வந்துவிட்டது. மீதியுள்ள தொலைவைக் கடக்கப் போதாமல் நின்றது அந்தக் கட்டணம்.

அதனால் போக்குவரத்தும் உணவும் கண்ணாடியும் சேர்த்தே தருவதென்று முறை மாறியது. சங்கத்தார் நன்கொடை திரட்டும் பட்டியலில் பேருந்து வாடகையும் சாம்பார் சாதமும் இடம்பெற்றன. பொன்னாடை போர்த்த இயலாத செலவுகள் இவை. பலரை ஒன்றாக அழைத்துச் சென்று ஒன்றாக ஊர் சேர்த்ததில் இன்னொரு நன்மையும் விளைந்தது: தனியே செல்ல அஞ்சியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களோடு துணிந்து சென்றனர். பார்வை பெற்றுத் திரும்பியவர் தம் தெருவில் சொன்ன சொல், எந்தச் சிறப்புப் பேச்சாளரின் சொல்லைவிடவும் அடுத்த முகாமுக்கு ஆள் சேர்த்தது.

ரோட்டரியின் பெரும்பணி இளம்பிள்ளைவாத ஒழிப்பு. 1985இல் உலக அளவில் அதனை மேற்கொண்டது. இந்தியாவில் 1995 முதல் நாடெங்கும் நடந்த சொட்டு மருந்து நாட்களில் சங்கத்தார் பேருந்து நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் பனிக்கட்டிப் பெட்டியுடன் நின்றனர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டதற்குப் பின் நாட்டில் அந்நோய் எவரையும் இயற்கையாகத் தொற்றவில்லை. 2014 மார்ச்சில் சான்று கிடைத்தது. இதனை அறிந்தோர் பலர். ஆகவே விரிக்க வேண்டுவதில்லை.

கண்ணொளிப் பணியோ முடிவதில்லை. மனிதர் முதுமையடையும் வரை புரையும் உண்டு. அரவிந்த் மருத்துவமனை 1985இல் தேனியிலும் 1988இல் திருநெல்வேலியிலும் கிளை அமைத்தது. மலையடிவார ஊர்களுக்குப் பயணம் அந்த அளவுக்குக் குறைந்தது. வெங்கடசாமி 2006இல் மறைந்தார். அதற்குச் சற்று முன்னர், 2004 முதல், சிற்றூர்களை அடுத்துச் சிறு பார்வை நிலையங்களைத் திறக்கும் முறை வந்தது. அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கண்ணைச் சோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் கணினித் திரையில் பார்த்து ஆலோசனை கூறுவார். முகாம் நாளுக்கென்று காத்திருக்கத் தேவையில்லை. மகனின் கூலி நாள் கெடுவதுமில்லை. சங்கத்தாரின் வேலையும் அதற்கேற்ப இடம் மாறியிருக்கிறது: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி, இறந்தோரின் கண்களை வீட்டார் இசைவுடன் ஆறு மணி நேரத்துக்குள் பெற்று அனுப்பும் ஏற்பாடு. இந்த இரண்டாவது வேலைக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. துக்க வீட்டின் வாசலில், ஒப்பாரிக்கிடையில், ஒருவர் தயங்கி நின்று கேட்க வேண்டும். அங்கே பேச வேண்டியது இரண்டே வாக்கியம். அதற்கு வெளியூர்ப் பேச்சாளர் எவரையும் அழைத்துவர இயலாது; அந்த வீட்டாருக்குத் தெரிந்த முகமாக இருத்தல் வேண்டும்.